கூடைப்பந்து கற்பித்த துறவி

கல்முனையிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் கடற்கரைப் பெருஞ்சாலை மருதமுனை, பெரியநீலாவணை, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என ஊர் ஊராய்த் தொட்டு மட்டக்களப்பை அடைகின்றது. அப்பால் ஏறாவூர், செங்கலடி, கிரான், வாழைச்சேனை. இருநிறப் பூக்களைக் கலந்து கோத்த மாலைபோல, தமிழர் ஊரும் முஸ்லிம்கள் ஊரும் இவ்வழி நெடுகிலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இந்த மாலையின் வடபகுதியில், வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே, 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15ஆம் நாள் அறுபத்தாறு வயது நிரம்பிய முதியவர் ஒருவர் காணாமற் போனார். அவர் அமெரிக்க நாட்டினர், கத்தோலிக்கத் துறவி, கிழக்கிலங்கையின் இரு தலைமுறை மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் கற்பித்தவர். யூஜின் ஜோன் ஹெபர்ட் அடிகளார் என்பது அவர் பெயர்.

நன்னூலும் தொல்காப்பியமும் கற்பித்துக் காலங் கழிக்கும் பண்டிதன் ஒருவன் பந்தாட்டப் பயிற்றுநரின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என வாசகர் வினவலாம். ஆசிரியத் தொழில் எத்துறையில் நிகழினும் ஒன்றே என்பது என் கருத்து. நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாக்கினார் பவணந்தியார். பன்னிரு மாணவரைப் பயிற்றி, அவருள் ஐவரை மாத்திரம் ஆடுதளத்துக்கு அனுப்பி, எஞ்சிய எழுவரும் மனங்கோணாது காத்திருக்கச் செய்யவேண்டிய ஒருவனைக் காட்டிலும் துலாக்கோலின் தேவையை அறிந்தவர் எவருளர்? எம் போன்ற வகுப்பறை ஆசிரியர்க்கு அந்தச் சங்கடம் இல்லை. நாற்பது பேரையும் ஒருங்கே இருத்திப் பாடஞ் சொல்லி மணியடித்ததும் எழுந்து போய்விடுகின்றோம்.

ஹெபர்ட் அடிகளார் 1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் நாள் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த ஜென்னிங்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அமெரிக்கா என்றதும் வானளாவிய மாளிகைகளையே எண்ணும் நமக்கு அவ்வூரின் இயல்பு வியப்பளிக்கும். அது நெல் விளையும் நாடு. வரப்புக் கட்டி நீர் பாய்ச்சிப் பயிர் செய்யும் உழவர் வாழ்வது. அந்நாட்டில் நெல்வயல் பார்த்து வளர்ந்த சிறுவன், பிற்காலத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்ததும் நெல் விளையும் மட்டக்களப்பு மண்ணிலேயே. அவருடைய குடிப்பெயரும் ஒரு வரலாறு கூறும். லூசியானா ஒரு காலத்திற் பிரெஞ்சியர் வசமிருந்தது. 1803ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. ஹெபர்ட் என்பது அப்பிரெஞ்சுக் குடிகளின் வழிவந்த பெயர். பிரெஞ்சியர் அதனை முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் ஒலியாது ஏபேர் என்பர். ஹகர ஒலி இல்லாத தமிழ்நாவுக்கு இஃது எளிதே!

1941ஆம் ஆண்டு, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, கிராண்ட் கோட்டோ என்னும் இடத்திலுள்ள குருமடத்திற் சேர்ந்து யேசு சபையிற் புகுந்தார். யேசு சபையாரைத் தமிழ் கற்றார்க்கு அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. சதுரகராதி தந்த வீரமாமுனிவர் அச்சபையினரே. தமிழுக்கு வந்த இத்தாலியர் அகராதி தந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அமெரிக்கர் பந்தைத் தந்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றானே என என்னைக் கடிய விரும்புவோர் சற்றுப் பொறுத்திருப்பாராக.

கிழக்கிலங்கைக் கத்தோலிக்கரின் பணிகளில் முன்னர்ப் பிரெஞ்சு நாட்டு யேசு சபையினர் ஈடுபட்டிருந்தனர். அதன் பின்னர் நியூ ஓர்லியன்ஸ் மாகாணச் சபையிலிருந்து அமெரிக்கத் துறவியர் வரத் தொடங்கினர். இலங்கை சுதந்திரம் எய்திய 1948ஆம் ஆண்டளவில் இளைஞரான ஹெபர்ட்டும் இங்கு வந்து சேர்ந்தார். வெள்ளையர் ஆட்சி மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்ட வேளையில், ஆளவன்றிக் கற்பிக்க வந்த வெள்ளையர் இவர். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் இவர் பணி நடந்தது. பின்னதன் பெருமையை யான் சொல்லி முடியாது. எங்கள் கல்முனைக்கு அயலிலுள்ள காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகளாராகி யாழ் நூல் செய்தவர், அக்கல்லூரியிற் பயின்றவர். அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். ஒரு காலத்தில் இசைத்தமிழ் அறிஞரைத் தந்த முற்றத்திலே பிறிதொரு காலத்திற் பந்து துள்ளிற்று.

அவ்வாட்டம் பிறந்த வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். அஃது இன்றி ஹெபர்ட் அடிகளார் கற்பித்தது யாதென விளங்காது. கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் சமயக் கல்வி முடித்தபின் உடற்கல்வியை நாடி, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த கிறித்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். 1891ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், வெளியே ஆடவியலாது மண்டபத்துள் அடைபட்டுச் சலித்த பதினெட்டு இளைஞருக்கு ஒரு புது விளையாட்டு அமைக்கும் கடமை அவருக்கு இடப்பட்டது. அவர் எண்ணிய முறை ஓர் இலக்கண ஆசிரியனின் முறையே. முரட்டுத்தனம் எங்கிருந்து வருகின்றது? பந்தை ஏந்தி ஓடுகின்றவனைத் தடுக்கப் பிறர் அவன்மீது பாய்வதிலிருந்து. ஆகவே பந்தை ஏந்தி ஓடுதல் ஆகாது என விதித்தார். வலிந்து எறிதல் ஏன் நிகழ்கின்றது? இலக்கு நேரெதிரே நிமிர்ந்து நிற்பதால். ஆகவே இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்தி, வாயை வானோக்கித் திருப்பினார். வன்மையாக எறிந்தாற் பயனில்லை, வளைத்து மெல்ல எறிந்தாலே பந்து விழும். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டு மண்டபத்து மாடக் கைப்பிடியில் அறையப்பட்டன. அம்மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் வளையத்தின் உயரம் பத்தடியே. விதிகள் பதின்மூன்று. பக்கத்துக்கு ஒன்பதின்மர் ஆடிய முதலாட்டத்தில் ஒரே ஒரு முறையே பந்து கூடையில் விழுந்தது.

இந்நெய்ஸ்மித் பின்னர்க் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற் பயிற்றுநராய் இருந்து, 55 ஆட்டங்களில் வெற்றியும் 60 ஆட்டங்களில் தோல்வியும் கண்டார் என்பது சுவையான செய்தி. இலக்கணம் செய்தவர் எல்லாரும் காவியம் செய்ய வல்லவரல்லர். ஆட்டத்தை ஆக்குதல் வேறு, ஆட்டக்காரனை ஆக்குதல் வேறு. ஹெபர்ட் அடிகளார் இரண்டாவது வகையினர். அவர் பயிற்றிய மாணவர் அணிகள், மட்டக்களப்பு என்றால் மீனும் மோரும் மாத்திரமே என எண்ணியிருந்த தலைநகரத்தார் முன்னிலையில், அகில இலங்கைப் போட்டிகளில் வெற்றி பெற்றன. புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்துக்குப் பேர்போன கல்லூரியாயிற்று. அவ்வாறே அவர்தம் சபையைச் சார்ந்த வெபர் அடிகளார் மெய்வல்லுநர் விளையாட்டுக்களில் மட்டக்களப்பாரை ஊக்கினார். அவர் பெயரால் வெபர் மைதானம் அந்நகரில் விளங்குகின்றது.

வசதி மிக்க கொழும்புக் கல்லூரிகளை மாகாணத்துச் சிறுவர் வெல்வதென்றால் அடிப்படை பழுதற இருந்தாலன்றி இயலாது. அவ்வடிப்படை யாது? என் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர் மாணவரைப் பயிற்றும்போது பல மாலைகள் ஓரமாய் நின்று பார்த்து, கேட்டும் அறிந்தவற்றைக் கூறுகின்றேன். எழுத்ததிகாரம் கால்களில் தொடங்குகின்றது. முழங்கால் சற்று மடங்கி, பாரம் பாதத்தின் முன்பகுதியில் நிற்க வேண்டும். பந்தைப் பெற்று நின்றவன் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மறுகாலை எப்புறமும் சுழற்றலாம். ஊன்றிய கால் பெயர்ந்து நடந்தால் மத்தியஸ்தர் ஊதுகுழலை ஊதிவிடுவார். இவ்வொரு காற்பழக்கத்துக்கே மாதங்கள் செல்லும். பந்தைத் தட்டிச் செல்லுங்கால் உள்ளங்கை படலாகாது, விரல்நுனிகளே படவேண்டும். கண் பந்தின்மீது இருத்தல் ஆகாது. புதிதாகக் கற்பவனுக்கு இது மிக அரிது. பந்து ஓடிவிடுமோ என்ற அச்சத்தில் தலைகுனிவான். தலை குனிந்தவனுக்குத் தன் தோழர் நால்வர் எங்கு நிற்கின்றனர் என்பது தெரியாது.

எறிதலின் நுட்பம் கணிதத்தோடு பட்டது. வளையத்தின் விட்டம் 45 சென்றிமீற்றர்; பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 சென்றிமீற்றர். மேலிருந்து செங்குத்தாய் விழும் பந்துக்கு வாயில் முழுதும் திறந்திருக்கும். தாழப் பறந்து 30 பாகைச் சாய்விற் வருவதற்கோ அதே வாயில் 22.5 சென்றிமீற்றர் அகலமாய் ஒடுங்கிவிடும். பந்து விளிம்பில் மோதாமல் நுழைய வழியில்லை. ஆகையால் உயர வளைத்து எறிக என்பர். ஆயினும் திறந்த வெளியில் ஆடுகின்ற எம் கரையோரப் பிள்ளைகளுக்கு மற்றுமோர் ஆசிரியர் உண்டு. அவர்தாம் கச்சான் காற்று. ஆனி ஆடியில் உயர எறிந்த பந்தை அவர் தம் விருப்பப்படி கொண்டு செல்வார். கூரையின் கீழ் ஆடிப் பழகியவர் இங்கு வந்தால் திகைப்பதைக் கண்டிருக்கின்றேன்.

சொல்லதிகாரம் பந்தைக் கைமாற்றுதல். மார்பினின்று நேரே தள்ளுதல், நிலத்தில் ஒரு முறை மோதவிட்டு அனுப்புதல், தலைக்கு மேலாய் விடுத்தல் என அது பலவகைப்படும். ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அவன் நிற்கும் இடத்துக்கு அனுப்புதல் பயனற்றது. அவன் வந்து சேரப்போகும் இடத்துக்கு அனுப்பவேண்டும். அவன் வருவான் என்ற நம்பிக்கை இன்றி இது நிகழாது. இதன் மேலதே அணியாட்டம். பந்தைக் கொடுத்தவன் அங்கேயே நின்று வேடிக்கை பாராது வளையத்தை நோக்கி வெட்டி ஓடி மீண்டும் பெறுதல். தோழனைத் தொடரும் எதிரியின் வழியில் அசையாது திரையாய் நின்று தோழனுக்கு இடந்தருதல். பந்து கைப்பட்டதும் எதிரணியினர் திரும்பிச் சேருமுன் மும்மூவராய் விரைதல். திரையாய் நின்றவனுக்கு எண்ணிக்கைப் புத்தகத்தில் ஒரு புள்ளியும் எழுதப்படாது. கூட்டத்தார் கைதட்டலும் இல்லை. பயிற்றுநர் ஒருவரே அதனைக் கண்டறிந்து மெச்சவல்லவர்; மெச்சாராயின் அடுத்த ஆட்டத்தில் எவனும் திரையாய் நிற்கான்.

காவல் இருவகை. ஒருவன் ஒருவனைப் பற்றித் தொடர்வது ஒன்று. தனக்கென ஒதுக்கிய இடத்தைக் காப்பது மற்றொன்று. இரண்டாவதை நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு விளக்குதல் எளிது. கிளித்தட்டு மறிக்கின்றவன் தன் கோட்டை விட்டு எங்கேனும் ஓடுகின்றானோ? ஆளைத் துரத்தாது கோட்டைக் காக்கின்றான். நடுக்கோட்டில் ஓடும் கிளி அவனுக்குத் துணை செய்கின்றது. கூடைப்பந்தின் இடக்காவலும் இத்தன்மையதே.

பொருளதிகாரம் மனத்தைப் பற்றியது, அரிதினும் அரிது. எதிரியால் தவறிழைக்கப்பட்டவனுக்குத் தடையற்ற எறிவு வழங்கப்படும். அப்போது மற்றெல்லாரும் ஒதுங்கி நிற்க, அவன் ஒருவனே கோட்டில் நின்று எறிவான். தூரம் மிகுதியன்று, மறிப்பார் எவருமில்லர். எனினும் கைநடுங்கித் தவறுவோர் பலர். பயிற்றுநர் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றார்; உள்ளே கால்வைக்க உரிமையில்லை. ஆண்டுக்கணக்கிற் கற்பித்ததெல்லாம் அந்தக் கணத்தில் மாணவனின் விரல்நுனியில் இருக்கவேண்டும். ஆசான் வாய்மூடி நிற்கவேண்டும். தேர்வு மண்டபத்தின் வாயிலில் மாணவனை விட்டுத் திரும்பும் எங்களுக்கும் இந்நிலை புதிதன்று. நாங்கள் நிழலுக்குப் போய்விடலாம். பயிற்றுநர் நின்று பார்க்கவேண்டும்.

1960களின் தொடக்கத்தில் மிஷன் பாடசாலைகள் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறின. அந்நிய நாட்டுத் துறவியர் பலர் தாயகம் மீண்டனர். ஹெபர்ட் அடிகளார் மீளவில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பையும் எங்கள் பகுதியையும் தென்னை தென்னையாய் வீழ்த்தியது. அதன் பின்னும் அவர் இங்கேயே இருந்தார். பிற்காலத்தில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தி, பல்கலைக்கழகம் புகாத இளைஞர் கைத்தொழில் கற்றுப் பிழைக்க வழிசெய்தார். தொண்ணூற்றைந்து பேர் வாயிலில் தங்க ஐவரை மாத்திரம் உள்ளே விடும் நம் கல்வி முறையிலே, வாயிலில் நின்றவரை அவர் கவனித்தார். எண்களை உவமையாகக் கொள்க. என் மதிப்பில் அவர் பெற்ற கேடயங்களினும் இப்பணி ஒரு படி மேலானது.

1983க்குப் பின் கிழக்கு முற்றிலும் வேறாயிற்று. இளைஞர் காணாமற் போயினர்; தாய்மார் முகாம் வாயில்களில் நின்றனர். மட்டக்களப்பில் அமைந்த சமாதானக் குழுவில் ஹெபர்ட் அடிகளாரும், அவருடன் பணிபுரிந்த பென் மில்லர் அடிகளாரும் ஈடுபட்டனர். ஆடுதளத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பழகியவர், இங்கே கோடு கடந்து உள்ளே நடந்தார்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. எனக்கு அப்பொழுது இருபது வயது. அக்காலத்தை எழுத எழுதுகோல் கூசுகின்றது. ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவுத் தொழுகையில் நின்றோர் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒன்பது நாள் செல்லுமுன் ஏறாவூரில் உறங்கிக்கிடந்தோர், சிறுவரும் மகளிருமாய், நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே 12ஆம் நாள், சம்மாந்துறைக்கு அயலிலுள்ள வீரமுனையிற் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். நான் சொன்ன அந்த இருநிற மாலை அறுந்தது. ஓர் ஊரார் மற்றோர் ஊரினூடே செல்லவில்லை. பெரியநீலாவணைக்கு அப்பால் வேறு தேசம் என்றாயிற்று.

அந்நாட்களில் ஹெபர்ட் அடிகளார் வாழைச்சேனை சென்றிருந்தார். 15ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்பைக் கத்தோலிக்கர் கொண்டாடும் திருநாள், ஓர் இளைஞருடன் மட்டக்களப்புக்குத் திரும்பப் புறப்பட்டார். வழி ஏறாவூரை ஊடறுத்துச் செல்வது. இருவரும் மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. இக்குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவுமில்லை. கல்முனையில் அடைபட்டுக் கிடந்த எங்களுக்குச் செய்தி வெகுநாட் கழித்தே எட்டியது. அப்பொழுது அதை ஒருவர் படிக்க, கேட்டிருந்தவர் எவரும் ஒன்றும் பேசவில்லை. சொந்த மையித்துகளை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

இதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன். எம்மவர் அவ்வாகஸ்ட் மாதத்தைப் பேசுங்கால் பெரும்பாலும் 12ஆம் நாளோடு நிறுத்திக்கொள்கின்றனர். அடிகளாரைப் பேசுவோர் 15ஆம் நாளிலிருந்து தொடங்குகின்றனர். நடுவே மூன்று நாள்கள் உள்ளன. இரு வாரத்துக்குள் நிகழ்ந்த இறப்புகளை ஊர்வாரியாகப் பகுத்து அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொள்ளுதல் வரலாறு எழுதும் முறையன்று. பாகப்பிரிவினை செய்யும் முறை. முஸ்லிம் அல்லாத, தமிழரும் அல்லாத ஒருவர், நாற்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பிள்ளைகளிடையே வாழ்ந்து, எங்கள் சண்டையின் நடுவழியில் மறைந்தார். அவர் எவருடைய பங்கு?

மில்லர் அடிகளார் மட்டக்களப்பிலேயே தங்கி, காணாமற் போனோரின் உறவினர்க்காக உழைத்து முதுமையடைந்து 2019ஆம் ஆண்டு மறைந்தார். லூசியானாவிலிருந்து வந்த அத்தலைமுறைத் துறவியரின் காலம் அதனோடு முடிந்தது. 2009ஆம் ஆண்டு போர் ஓய்ந்தபின் சாலை அகலமாக்கிச் செப்பனிடப்பட்டது. இன்று வாழைச்சேனையில் பேருந்து ஏறுகின்றவர் மட்டக்களப்பை ஒரு மணி நேரத்தளவிற் சென்றடைகின்றார். ஏறாவூர்த் தரிப்பிடத்திற் சிலர் இறங்குகின்றனர், சிலர் ஏறுகின்றனர், நடத்துநர் மணியடிக்க, வண்டி தென்திசை நோக்கிப் புறப்படுகின்றது.